வரவுப் பக்கம்

நாயாற்றில் இறங்கும்போது விடியப்புறம் நாலேகால்.
லூயிஸின் போட்டில் நானும் கொப்பியும்.
கொப்பிக்கு ஒரு பொலித்தீன் உறை,
எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெற்,
கொன்சலாவுக்கு உடம்பெல்லாம் வாஸ்லின்,
தாய் கழுத்தில் கட்டிவிட்ட அந்தோனியார் பதக்கம்.

சட்டம் ஒன்றுதான்:
முல்லைத்தீவுக் கரை வரைக்கும்
அவள் போட்டைத் தொடக் கூடாது.
தொட்டால் கணக்கு அந்த இடத்தோடு நிற்கும்.

கணக்கு என்னுடையது.
பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பதினொரு வருஷம்
மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவன்.
இப்போது என்னை நிறுக்கிறார்கள்,
செவ்வாய், வியாழன், சனி,
யாழ்ப்பாணத்தில்,
ஊசி ஏற்றுமுன் ஒருதரம், கழற்றியபின் ஒருதரம்.
இடைப்பட்ட கிலோக்கள்
நான் களவாய்க் குடித்த தண்ணீர்.

மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மெசின் வந்தால்
எனக்கு அந்த மூன்று மணி பஸ் இல்லை.
அதற்குத்தான் இந்தக் கடல்.

கிலோமீற்றருக்கு நூறு என்றார்கள் அளம்பில் இளைஞர்.
காசில்லை, கிலோமீற்றருக்கு ஒரு கிலோ சூடை என்றா செபமாலை.
கனடாவிலிருந்து ஒருவர் டொலரில் சொன்னார்,
பெயர் போடவேண்டாம் என்றார்,
அடுத்த நாள் எடுத்துப் போடச் சொன்னார்.
சைக்கிள் கடைப் பேரம்பலம் இருபது ரூபா எழுதுவித்துவிட்டு
"பதினெட்டுக்கு மேலே தரமாட்டன்."
பதினெட்டுக்கு மேலே கரைதானே என்று சிரித்தேன்.

செம்மலை தாண்டச் சூரியன் வந்தது.
அவளுடைய வலக்கை விழும் சத்தம்
ஈரச் சாக்கை நிலத்தில் போடுவது மாதிரி.
நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு. எண்ணினேன்.
தாகத்துக்கு எண்ணுவது நல்லது.

என் போத்தலில் இன்றைக்கு அரை லீற்றர்.
பேனையால் கோடு கிழித்திருக்கிறேன்:
அளம்பில் மட்டும், உடுப்புக்குளம் மட்டும், பொழுதுபட.
சுற்றிவர அளவில்லாத தண்ணீர்.
அதற்குள் அவள், அதற்கு மேல் நான்,
இரண்டு பேரும் வாயை இறுக்கிக்கொண்டு.

உடுப்புக்குளத்துக்கு நேரே சொறி.
முதலில் தோளில், பிறகு முகத்தில்.
அம்மா என்றாள், அந்தோனியாரே என்றாள்,
மூன்றாவதாய்ச் சொன்னதை எழுத முடியாது.
கை போட்டின் விளிம்புக்கு ஒரு சாணில் வந்தது.
லூயிஸ் வேறு பக்கம் பார்த்தான்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.
தொட்டிருந்தால் நானும் கண்டிருக்க மாட்டேன்;
என் கணக்கெழுத்தில்
அது முதல் பொய்யாய் இருந்திருக்கும்.

தொடவில்லை.
தடியில் கட்டிய கோப்பையில் சீனித் தேத்தண்ணி நீட்டினோம்.
மல்லாந்து கிடந்து குடித்தாள்.

முல்லைத்தீவுக் கரையில் மேடை, ஸ்பீக்கர்,
பான்ட் வாத்தியம், மாலையோடு அதிபர்.
எல்லாம் தெரிந்தது.
சோழகம் கிளம்பியிருந்தது. நீரோட்டம் வடக்கே இழுத்தது.
அரை மணித்தியாலம் அவள் கரையைப் பார்த்து நீந்தினாள்,
மேடை மெதுவாய்த்
தெற்கே போனது.

வட்டுவாகலில் ஒதுங்கினாள்.
ஒருத்தரும் இல்லாத மணல்.
ஒரு நாய், கிழிந்த வலை, தூரத்தில் பாலம்.
அந்தப் பாலத்தால்
நாங்கள் எல்லோரும் ஒருநாள் வந்தோம்.
அவளுக்கு அப்போது ஒன்பது வயது.
அவள் அதைப் பேசவில்லை. நானும் இல்லை.
இருபதரை, என்றேன்.
"பேரம்பலம் அண்ணை தரமாட்டார்" என்றாள்
வீங்கின உதட்டால்.

பிறகு, தண்ணி.
பிளாஸ்க் முடிந்திருந்தது. லூயிஸின் கானில் மண்ணெண்ணெய்.
என் போத்தலில் மிச்சம் ஒரு கோடு,
பொழுதுபட என்று எழுதினது.
அண்ணாந்து ஊற்றினாள்.

போன் அடித்துக்கொண்டேயிருந்தது, மாலை வாடுதாம்.
நான் கொப்பியை முழங்காலில் விரித்தேன்.
நூற்றைம்பது மில்லி.
வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று
இன்னும் பிடிபடவில்லை.