தூசுக் கணக்கு

பதினோரு தொழிலில் இரண்டுதான் எடுக்கலாம் என்றது திரை.
ஏற்காடு. செவ்வாய் இரவு, மழை.
லாட்ஜில் ஒன்பது அறை காலி.
பத்தாவதில் சண்டை போட்டுக்கொண்ட தம்பதி
டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள்.
ரிசப்ஷனில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்.

கொல்லர் வேண்டாம், குழுவில் ஏற்கெனவே மூன்று பேர்.
மூலிகை பறிக்கலாம்தான்,
வாசலில் இறங்கினால் மிளகுக்கொடி காலில் சுற்றும் ஊரில்
திரைக்குள்ளும் போய்க் குனிவானேன்.

கோட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ரஃபியுதீன்தான்
எங்கள் குழுத்தலைவர். மைக்கில் சொன்னார்:
"மந்திரம் ஏத்த ஆளில்லம்மா, நீ எடுத்துக்க.
ஒண்ணு, காசு தின்னும்."

மந்திரம் ஏற்றுவது என்றால்
முதலில் உடைப்பது.
யாரோ உட்கார்ந்து செய்த அங்கியை, கேடயத்தை
ஒரே சொடுக்கில் தூசாக்கி
அந்தத் தூசை
இன்னொருவர் வாளில் தடவுவது.
தெரியாமல் எடுத்துவிட்டேன்.
உடைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அப்போதுதான் நூல்முனி எழுதினான்.
பகலில் அவன் குப்புராஜ்,
செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில்
மூட்டைக்கு மூட்டை பில் போடுகிறவன்.
"தையல் எடுத்திருக்கேன். கச்சையா தச்சாத்தான் ஏறும்.
நாப்பது ஆச்சு. சந்தைல ஒருத்தனும் சீண்டல.
அனுப்பட்டா?"

தபால்பெட்டி திறந்தால்
நாற்பது கச்சை, யார் இடுப்புக்கும் இல்லாதவை.
உடைத்தேன்.
அவன் தைக்கத் தைக்க அவன் எண் ஏறியது,
நான் உடைக்க உடைக்க என் எண்.
இந்தக் கூட்டுக்கு
பத்திரம் எழுத எந்த வக்கீலும் முன்வர மாட்டார்.

எங்கள் மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை.
பன்னிரண்டில் வாந்தி எடுத்தவனுக்கும்
பதின்மூன்று தானாக வரும்.
இங்கே அப்படியில்லை.
நூற்று இருபத்து நாலில் ஏழு ராத்திரி நின்றேன்.
வண்டி உறுமும், நகராது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
செய்முறைகளுக்கு நிறம் உண்டு.
ஆரஞ்சு என்றால் செய்தால் கட்டாயம் ஒரு படி.
மஞ்சள், அநேகமாக.
பச்சை, அதிர்ஷ்டம்.
சாம்பல் வந்துவிட்டால்
ஆயிரம் செய்தாலும் கை எதையும் கற்காது.
நூலும் நேரமும் தண்டம்.

நூற்று அறுபதில் குப்புராஜுக்குக் கச்சை சாம்பல்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன், சந்தேகமில்லை.
அவன் இப்போது தைக்க வேண்டியது பட்டு அங்கி.
ஆனாலும் வியாழன் இரவு
தபால்பெட்டியில் நாற்பது கச்சை.
அடுத்த வியாழனும்.
கடிதம் இல்லை, விலை இல்லை.
மண்டியில் பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து
ஒரு படியும் ஏறாத வேலையை
நாற்பது தடவை செய்திருக்கிறான்.

நான் கேட்கவில்லை.
கேட்டால் நிறுத்திவிடுவானோ என்று
ஒரு பயம்,
தூசுக்காக என்று நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தொன்பதை உடைத்தேன்.
நாற்பதாவது
பையின் கடைசிக் கட்டத்தில் கிடக்கிறது.
பதினாறே கட்டம் உள்ள பை.
அதற்கு இடம்விட்டு
நேற்று ஒரு நல்ல மாணிக்கத்தைத்
தரையில் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று எழுதுகிறான்:
"போன வாரத் தூசு
முப்பத்தொம்பதுக்குத்தான் வருது. ஒண்ணு எங்க?"

பில் போடுகிற புத்தி.

பத்தாம் நம்பர் அறையில் டிவி நின்றுவிட்டது.
சிரிப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது,
மழையாகவும் இருக்கலாம்.
"இங்க நெட் சரியில்ல, பனி" என்று தட்டி
நான்கு பச்சைக் கோடும் முழுசாக எரிய
அவன் பதிலுக்குக் காத்திருந்தேன்.