நாலடி குறைகிறது

வெளிச்சுவர் அறுபத்தோரடி.
உள்ளே அறை அறையாக, சுவர் சுவராகக் கூட்டினால்
ஐம்பத்தேழு.
மாநகர மன்றம் மீட்டரில் கேட்கிறது.
அடியில் எழுந்த வீட்டை அடியில்தான் அளப்பேன்.
மூன்று தடவை அளந்தாயிற்று.
நாடாவின் மறுமுனையில் ரோஸ்லி,
"வீடு தின்றிருக்கும், அக்கா,
நூற்றெழுபது வருஷப் பசி" என்கிறான்.

பாயா தெருபோங் மலையடியில்
ஜாதிக்காய் பயிரிட வந்த ஒருவன்
டெவனில் விட்டுவந்த பண்ணைவீட்டை
மனப்பாடமாக ஒப்பித்த கட்டடம் இது.
பனி வழுக்கி இறங்கச் செங்குத்துக் கூரை.
பனி வரவில்லை.
வந்த மழை கூரையிலிருந்து குதித்து
அஸ்திவாரத்தைத் தோண்டியது.
முதல் திருத்தம் மழை சொல்லிச் செய்தது:
இறவாரம் ஐந்தடி வெளியே வந்து நின்றது.

மரங்கள் நோயில் பட்டுப்போயின.
ஈயத்தில் பணம் பார்த்த தியோ குடும்பம் வாங்கி,
நடுக்கூரையைச் சதுரமாக வெட்டி
வானத்தைக் கூடத்தில் இறக்கியது.
அவன் விரட்டி விரட்டி வெளியே வைத்த மழைக்கு
இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு முற்றம்.
அவன் செங்கல் ஒன்பது அங்குலம், இவர்களுடையது எட்டரை.
பின்னால் வந்த சிமெண்டு இரண்டோடும் ஒட்டாமல்
வெடித்து நிற்கிறது.

சாப்பாட்டறைச் சுவரில், இடுப்புயரத்தில்,
ஒரே வரிசையாய்ப் பதினாறு வடு:
போர்க்காலத்தில் யாரோ சைக்கிள் சாய்த்தது.
அப்புறம் எட்டுக் குடித்தனம்,
ஒட்டுப்பலகைத் தடுப்பு, எட்டு மின்மீட்டர்,
படிக்கட்டின் கீழே ஒரு குளியலறை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்
(இடித்தது).

சமையலறைப் பக்கச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனேன்.
டொக், டொக், டொக்,
டும்.

மெல்பர்னிலிருந்து சியூ லான் அம்மையார்
ஒரே ஒரு செங்கலுக்கு அனுமதி தந்தார்.
ரோஸ்லி உருவினான். டார்ச் அடித்தேன்.

கணப்படுப்பு.
ஒரு மாட்டையே நிறுத்தலாம், அத்தனை அகலம்.
பானை மாட்டும் இரும்புக் கொக்கி.
கரியே இல்லை.
சூளையிலிருந்து இறங்கிய அன்றைய சிவப்பு
அப்படியே இருக்கிறது.
குளிருக்கென்று கட்டி,
குளிர் வரட்டுமென்று இருந்து,
ஒருநாளும் மூட்டவில்லை அவன்.

மேலே புகைபோக்கியில் சரசரப்பு.
உழவாரக் குருவிகள்.
எச்சிலால் ஒட்டிய வெள்ளைக் கிண்ணங்கள்,
வளையம் வளையமாக,
உச்சியில் தெரியும் காசளவு பகல் வரைக்கும்.

"எத்தனை கூடு?" என்றது தொலைபேசி.
"கிலோ என்ன விலை போகிறது, தெரியுமா?"
இருட்டு, எண்ண முடியவில்லை என்றேன்.
நாற்பத்திரண்டு.

செங்கல்லைத் திரும்பச் செருகிச்
சுண்ணாம்பு பூசுகையில்
ரோஸ்லி என்னைப் பார்க்கவில்லை.
இந்த வீட்டுத் திருத்தங்களில் இதற்கும் ஒரு தேதி உண்டு,
நேற்று, மாலை ஐந்தே கால்.
இரவு மேசையில்
நாலடியையும் கறுப்பால் அடைத்துப்
பக்கத்தில் எழுதினேன்: திண்சுவர்.

கூட்டிப் பார்த்தேன்.
அறுபத்தொன்று.