மாங்கா

முழங்கை மடக்கி வீசினால் மாங்கா.
எங்கள் தெருவில் அதற்கு அதுதான் பெயர்.
அடுத்த வீட்டுக் கிளையைப் பார்த்துக்
கல்லெறிகிறவன் கை.
எபிநேசருக்கு வாய்த்தது அந்தக் கை.

ஐந்தாம் டிவிஷன். பெரம்பூர் பக்கம்
புல்லே இல்லாத ஒரு மைதானம்.
ஸ்டம்புக்குப் பின்னால் நான்.
முதல் ஓவரிலேயே மூன்று முறை
ஸ்கொயர் லெக் அம்பயரின் கை
பக்கவாட்டில் நீண்டது.
மிச்சத்தைக் குச்சிபோல் கை நீட்டி
மெதுவாகப் போட்டு முடித்தான்.
எல்லாம் பவுண்டரி.
பிறகு கேப்டன் பந்தைக் கொடுக்கவில்லை.

ஃபைன் லெக்கில் போய் நின்றான்,
தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில்.
சாயங்காலம் ஒரே ஒரு பந்து அவனிடம் உருண்டது.
எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தான்.
நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது.
அதற்கு மட்டும் யாரும் நோபால் சொல்லவில்லை.

அப்புறம் ஒரகடம்.
கார் சீட் தைக்கிற கொரியன் கம்பெனி.
நாலே முக்காலுக்குப் பாடியில் பஸ்,
ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூக்கம்.
ஒரு ஞாயிறு ஓவர்டைமில் பார்த்தோம்:
லாரி யார்டுக்கு அப்பால்
மேனேஜர்கள் பெரிய க்ளவுஸ் மாட்டிக்கொண்டு
பந்து பிடித்து விளையாடுகிறார்கள்.
ஒன்று வேலி தாண்டி
டூவீலர் ஸ்டாண்டில் வந்து விழுந்தது.
எபி எடுத்து, நின்ற இடத்திலிருந்தே
திருப்பி எறிந்தான்.

பிடித்தவர் க்ளவுஸைக் கழற்றினார்.
உள்ளங்கையை ஒருதரம் பார்த்தார்.
ஒற்றை விரல் நீட்டினார்:
இன்னொன்று.

தீபாவளிக்குள் காகிதம் வந்தது.
மாதம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு,
வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ,
எறிவதற்கு.
அவன் அப்பா இரண்டு பக்கமும் புரட்டினார்.
"பேஸ்பால்னா, கிரிக்கெட்டு கணக்கா?"
அம்மா கேட்டது ஒன்றுதான்:
"பி.எஃப். புடிக்கிறாங்களா?"

காகிதத்தில் என் பெயர் இல்லை.
ஆனால் அந்த வேகத்தை வாங்க
ஒரு ஆள் வேண்டியிருந்தது.
ஷிப்ட் முடித்து வந்து குந்தினேன்.
தரையில் குத்தாமல் வருகிற பந்துக்குப் பழக
எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது.
ஆள்காட்டி விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

முதல் மேட்ச்,
மறைமலை நகர் ஜப்பான் கம்பெனியோடு.
நான்கு பேரை வரிசையாகச் சும்மா நடக்கவிட்டான்.
ஐந்தாமவன் விலாவில் ஒன்று.
எபி குனிந்து மன்னிப்புக் கேட்டான்,
அவனும் பதிலுக்குக் குனிந்தான்,
யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல்
ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன்.
ஒவ்வொரு எறிக்கும் முன்னால்
அவன் கண் வலப்பக்கம் போய்வருகிறது.
ஸ்கொயர் லெக் அம்பயர் நிற்கும் இடம்.
இந்த ஆட்டத்தில் அங்கே அம்பயர் இல்லை.
மூன்றாவது பேஸில் நின்ற ரன்னரோ
தன்னைத்தான் நோட்டம் விடுகிறான் என்று பயந்து
பேஸோடு ஒட்டிக்கொண்டான்.
அடுத்த மூன்று பேரும்
மட்டையைக் காற்றில் சுற்றிவிட்டுப் போனார்கள்.

பேப்பரில் வரவில்லை.
கேண்டீனில் அன்று அவனுக்கு
கூடுதலாக ஒரு முட்டை.

தை பிறந்தால் பூசானில் இரண்டு மாத முகாம்.
பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த ஏட்டு கேட்டார்:
"என்னாப்பா வேலை?"
"பந்து எறியறேன் சார்."
கொஞ்சம் யோசித்துவிட்டு
தனியார் நிறுவனம் என்று எழுதிக்கொண்டார்.

அவனிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
பெரம்பூரில், டாஸுக்கு முன்னால்,
அம்பயர் என்னிடம் வந்து கேட்டார்:
"கீப்பர், உங்காளுக்குக் கை மடங்குதா?"
க்ளவுஸ் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
நிமிராமலே சொன்னேன்:
"நீங்களே பாருங்க சார்."

நாளைக்கு விமானம்.
லாரி யார்டில் விளக்கு போட்டாயிற்று.
எபி வலப்பக்கம் பார்க்கிறான்.
க்ளவுஸை விரிக்கிறேன்.
விரல் இப்போதே வலிக்கிறது.