சரிபங்கு

அப்பா விட்டுப்போனது
தாராவி கும்பார்வாடா பக்கம்
பத்துக்குப் பதினைந்தில் ஒரு அறை,
அதன்மேல் ஏணி வைத்து ஏறும் தகர மாடி,
பிறகு சீனி.

அறைக்கு வழக்கு நடக்கிறது.
ஆறு வருஷமாக வாய்தா.
சீனிக்கு வக்கீல் வேண்டியிருக்கவில்லை.
மூன்று பேருக்கும் சரிபங்கு.
பெண்பிள்ளைதானே என்று
எனக்கு அதில் குறைக்கவும் இல்லை.

அண்ணன் ஞானதுரைக்கு முப்பத்தெட்டு வயதில்.
எனக்குக் கெசியா வயிற்றிலிருக்கும்போது வந்து, போய்,
பெட்டி படுக்கையோடு திரும்பியது.
தம்பி ஜெயசிங் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.
கண்ணாடி மாற்றப் போனவனைக்
கண் டாக்டர் ரத்தம் பார்க்க அனுப்பினார்.

சயான் ஆஸ்பத்திரி வராந்தாவில்
அப்பாவின் காலைப் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து
யார் கையெழுத்துப் போடுவது என்று மராத்தியில் கேட்டார்கள்.
மூன்று பேரும் போட்டோம்.
நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட
ஒரே காகிதம் அது.
அன்று பேசி வைத்ததுதான்:
விடியலில் மெஷினைப் படம் எடுத்து
மூவருக்குமான குழுவில் போட வேண்டும்.
கோர்ட்டில் முகம் பார்ப்பதில்லை.
எண்களை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்.
கல்வா ஸ்டேஷன் வாசலில் ஒரு வடாபாவ்.
இரண்டில் ஒன்றுதான்.
விரல் தின்றால் வாய் சும்மா இருக்கும்.

பட்டன் தைக்கிற வேலை எனக்கு.
ஊசி குத்தினால் விரலை வாயில் வைக்கிற பழக்கம்.
இதில் வைக்கக் கூடாது, பிதுக்க வேண்டும்.
எங்கள் மாடிக் குழாய் மாதிரி
மனசில்லாமல் ஒரு சொட்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை கேஸ் இருந்தது.
முந்தின இரவு செம்பூரில் கல்யாணம்,
கேசரி. இரண்டாம் முறையும் கேசரி.
காலையில் 262.
அண்ணன் பார்த்தால்
அவன் வக்கீலும் பார்த்த மாதிரி என்று பட்டது.
கெசியா பல் தேய்த்துக்கொண்டு நின்றாள்.
"கையைக் கொண்டா" என்றேன்.
எதற்கென்று கேட்காமல் நீட்டினாள்,
மெகந்தி வைக்கிறவளிடம் நீட்டுவதுபோல்.

மெஷின் ஐந்திலிருந்து எண்ணும்.
என் சொட்டுக்கு அது வெறும் ஐந்து விநாடி.
அவள் சொட்டுக்கு
நான்கில் அப்பாவின் பெருவிரல் கறுத்தது,
மூன்றில் பச்சைத் துணி,
இரண்டில் கர்த்தரிடம் பேரம் பேசினேன்:
அறையை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்.
94.

குழாயடியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.
பிறகு அதைப் படம் எடுத்து
என் எண்ணாக அனுப்பினேன்.
பேரத்தை மறந்து கோர்ட்டுக்குக் கிளம்பினேன்.

காட்கோபர் தாண்டும்போது அண்ணனிடமிருந்து:
"நல்லாயிருக்கு தங்கச்சி."
ஆறு வருஷத்தில் எண்ணாக இல்லாமல் வந்த முதல் செய்தி.
பெண்கள் டப்பாவில் நெரிசலுக்குள் நின்று
அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில் கெசியாவின் நகம்,
பாதி உரிந்த நீலப் பூச்சு.

உடனே தம்பியின் படங்களைத்
தள்ளித் தள்ளிப் பின்னால் போனேன்.
நூற்றெட்டு, நூற்றுமூன்று, தொண்ணூற்றொன்பது.
எங்களில் இவனாவது தப்பினான் என்று இருந்தேன்.
ஆகஸ்டில் ஒன்று.
மெஷினைப் பிடித்த விரலில் பேனா மை,
ஸ்கூல் நோட்டு மை.
ஜெயசிங் வெல்டிங் செய்கிறவன்.
அவன் கையில் கரி பார்த்திருக்கிறேன், தீப்புண் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை 241 அனுப்பினேன்,
என் விரல், தையல் தழும்போடு
நன்றாகத் தெரிகிற மாதிரி.
அவன் ஏற்கெனவே 101 போட்டிருந்தான்.
நீல டிக் விழுந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
101 இருந்த இடத்தில்
"இந்தச் செய்தி நீக்கப்பட்டது."

வேறொன்றும் வரவில்லை.
தண்ணீர் நிற்பதற்குள் குடம் நிரப்ப வேண்டும்.
கெசியா ஈர முகத்தோடு வந்து
இன்றைக்கும் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.