நூற்று அறுபத்து நாலு பீடி

மைதா கால் கிலோ, ஐம்பத்தாறு பீடி.
சின்னத் தயிர்ப் பாக்கெட் நாற்பது.
சோடா உப்பு எட்டு.
ஏலக்காய் அஞ்சு ரூபாய்ப் பொட்டலம், இருபது.
டூட்டி ஃபுரூட்டி வேண்டாம் என்றுதான் நின்றேன்.
பச்சையும் சிவப்புமாய் ஜாடிக்குள் இருந்து
என்னையே பார்த்தது.
அதுக்கொரு நாற்பது.

எசன்ஸ் பாட்டில் நூற்றிருபது.
மூடியை மட்டும் மோந்துவிட்டு வைத்தேன்.
கடைக்காரர் பார்க்காத மாதிரி
தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆயிரம் சுற்றினால் இருநூற்றைம்பது,
ரூபாய்க்கு நாலு.
முக்கூடலில் இருந்துகொண்டு
வேறு வாய்ப்பாடு எனக்கு வராது.
சீனி ரேஷன். எண்ணெய் வீட்டில் கிடந்தது.
அதையெல்லாம் எழுதினால்
ஆசை போய்விடும் என்று எழுதவில்லை.

ஒரு கப் மாவு என்கிறாள் போனில் வரும் பெண்.
எந்தக் கப் என்று சொல்லவில்லை.
எங்கள் வீட்டுக் கப்
விளிம்பு நசுங்கிய சில்வர் தம்ளர்.
மாவுக்கும் அதுதான் தயிருக்கும் அதுதான்,
அதனால் கணக்கு சரி.

அடுப்புப் பெட்டிக்கு காஸ்கெட் போன குக்கர்.
அடியில் பரப்ப மணல் வேண்டும்.
ஆறு கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது.
ஆனால் நான் ஒரு சட்டி மணலோடு கரையேறினால்
லாரியை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பார்கள்.
பேச்சிக்கனி வீட்டுப் பூச்சு வேலைக்குக் குவித்ததில்
இருட்டியபின் ரெண்டு படி அள்ளினேன்.
நாய் குரைக்கவில்லை. அதுக்கு என்னைத் தெரியும்.

மகளின் டிபன் டப்பாவில் மாவை ஊற்றி
மணல்மேல் இறக்கி மூடினேன்.
இருபத்திரண்டாவது நிமிஷம்
அடுப்பு நீலமாய் ஒருதரம் துள்ளி
அணைந்தது.

சிலிண்டரை ஆட்டினேன். சாய்த்தேன்.
ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன்.
அடுத்தது வியாழக்கிழமைக் கூலிக்குப் பிறகுதான்.
'திறந்து பாப்பமாம்மா' என்றாள் இசக்கிவள்ளி.
'மூடியில கைய வச்சே, ஒடிச்சிருவேன்.'

சுளவை மடியில் இழுத்துக்கொண்டேன்.
ஒரு கட்டு.
ரெண்டாவது கட்டில் லேசாய் ஒரு வாசம்,
புகையிலைக்குள் நுழைய இடம் தேடுகிற மாதிரி.
மூணாவது கட்டு நூல் சுற்றும்போது
வீடே ஏலக்காய்.
மணல் தான் வாங்கிய சூட்டைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது,
பாக்கியில்லாமல்.

ஈர்க்கைக் குத்தினேன். காய்ந்து வந்தது.
நடுவில் கொஞ்சம் குழி, நம் தெரு ரோடு போல.
இலை வெட்டும் தகரத்தைக் கழுவி அளவாக வைத்து
இசக்கிவள்ளி துண்டு போட்டாள்.
எந்தச் செக்கரும் கழிக்க முடியாது.

வாசத்துக்கு வந்த பேச்சிக்கனி வாசலில் நின்று
'யாருக்குட்டீ பொறந்தநாளு?' என்றாள்.
எனக்கு.
ஒண்ணாங் கிளாசில் சேர்த்த வாத்தியார்
வாயில் வந்த தேதியை எழுதினார்.
ஆதாரிலும் அதுதான் இருக்கிறது.
முப்பத்தாறு வருஷம்
ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்லை.

முதல் துண்டை நானே தின்றேன்.
ஓரம் மொறுமொறுவென்று,
நடுவில் இன்னும் சூடு.
கண்ணை மூடிக்கொண்டேன்.
யாரும் எதுவும் பாடவில்லை, நல்லவேளை.

'மணல் உன்னோடதுதான்' என்றேன்.
அவள் ஒரு நிமிஷம் மென்றபடி யோசித்தாள்.
'அப்ப எனக்கு ரெண்டு துண்டு.'

காலையில் பீடிக்கடையில்
கட்டைப் பிரித்தவர் மூக்கருகே கொண்டுபோய்
'என்னது, ஏலக்காய் பீடியா?' என்றார்.
பக்கத்தில் நின்றவளுகள் சிரித்தார்கள். நானும்.
ரெண்டு கட்டைக் கழித்து ஓரமாய் எறிந்தார்.

ஐம்பது.
மைதா விலைக்கு
ஆறு பீடி குறைவு.