மாற்று நிலையம்

பியர்ஃபோன் ஓடுபாதையிலிருந்து
மொரீஷியஸின் பிளேசான்ஸ் ஓடுபாதைக்கு
நூற்று முப்பத்தெட்டு கடல் மைல்.
கிலோமீட்டரில் கேட்டால் இருநூற்று ஐம்பத்தைந்து.
சிலர் தங்கள் ரத்த வகையைச் சொல்வதுபோல
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள்:
போக வர இரண்டு தாளும் என் மேசையில்தான்.
போக ஐம்பத்தாறு நிமிடம்.
வர நாற்பத்தெட்டு.

"அதே கடல்தானே, எட்டு நிமிஷம் எங்கே போச்சு?"
அம்மாவின் தீவுக் கிரியோலில் கேட்டான் லோகநாதன்.
ஒன்பது வயது.
கழுத்தில் தனியாகப் பறக்கும் பிள்ளைக்கான அட்டை.

கிழக்குக் காற்று, என்றேன்.
நீ அங்கே போகும்போது முகத்தில் அடிக்கும்,
இங்கே வரும்போது முதுகைத் தள்ளும்.

"அப்போ காற்று உங்க கட்சியா?"

நான் சிரித்தேன்.
அவன் பதிலுக்குக் காத்திருந்தான்.

மாதத்தில் இரண்டு வார இறுதி என்று
செயிண்ட் பியர் நீதிமன்றம் எழுதிக் கொடுத்த தாளில்
காற்றைப் பற்றி ஒன்றும் இல்லை.

எரிபொருள் கணக்கு இப்படி:
சேருமிடம் வரைக்கும் இவ்வளவு.
அங்கே இறங்க விடாவிட்டால்
மாற்று நிலையம் வரைக்கும் இவ்வளவு.
அங்கும் காத்திரு என்றால்
வானத்தில் வட்டமடிக்க அரைமணிக்கு இவ்வளவு.
தெவினாவும் நானும்
முதல் வரியை மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்பியவர்கள்.

பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை.
கரும்புக் காட்டின் மேல் மேகம் வந்து உட்கார்ந்தது.
நாலு ஐம்பதுக்கு இறங்க வேண்டியது
மேலே வந்தது, சத்தமாக மட்டும்.
விமானி ஒருமுறை இறங்கிப் பார்த்தார்.
இன்னொரு முறை.
கூப்பிட்டால் கேட்கிற உயரத்தில்
என் மகன் என் தலைக்கு மேலே இருந்தான்.
பிறகு வடக்கே போய்விட்டான்.

மாற்று நிலையம்: செயிண்ட் டெனி.
காலையில் நானே எழுதியது,
யோசிக்காமல், தேதி எழுதுவதுபோல.

சாலை வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர்.
மலையோரப் பாதையில் கல் சரிந்து
இருபுறத்துக்கும் ஒரே வழி.
கடலைத் தாண்ட நாற்பத்தெட்டு நிமிடம்,
ஒரு தீவைப் பாதி சுற்ற மூன்று மணி நேரம்.
செயிண்ட் போல் அருகே தெவினா அழைத்தாள்.
ஓராண்டாகக் குறுஞ்செய்தி மட்டும்தான்.

"எங்கே இருக்கே?"
"நின்னுட்டிருக்கேன்."

அவள் வைக்கவில்லை. நானும்.
மழை துடைப்பான் போய் வரும் ஓசையை
பதினோரு நிமிடம் இரண்டு பேரும் கேட்டோம்.
அவள் பக்கம் ஏதோ தாளித்தார்கள்.
முன்னால் நின்ற லாரி நகர்ந்ததும்
"பார்த்து" என்றாள்.

வருகைக் கூடத்தில்
நீலச் சீருடைப் பெண்ணொருத்தியின் அருகே
சமூசா தின்றுகொண்டிருந்தான்.
எண்ணெய் பட்டு அட்டையில் அவன் பெயர் பாதி அழிந்திருந்தது.
அவள் படிவத்தை நீட்டினாள்.
பெற்றுக்கொண்டவர். உறவு. நேரம்.

"உங்க ஆபீஸ் மேலேதான் ரெண்டு தடவை சுத்தினோம்.
லைட் தெரிஞ்சுது" என்றான்.

மேகம் அன்று முந்நூறு அடியில் இருந்தது.
எட்டு நாற்பது என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.