பத்தாவது எண்

நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்கு வேணும்,
‘தலைவர் காலத்தை அறியப் படிக்க வேண்டியவை’,
பத்துத் தலைப்பு, நாளைக்குள்ள, என்றார்
ஒன்றியச் செயலாளர் பதுளை மணிவேல்.
கோத்தகிரிக் கிளை நூலகத்தில் நான் தினக்கூலி.
மறுக்கவா முடியும்.

வாழ்க்கை வரலாறு மூன்று பாகம் இருந்தது,
முதுகில் தங்க எழுத்து.
இரண்டாம் பாகத்தின் ஒட்டிய தாள்களை
இதுவரை யாரும் பிரித்ததில்லை.
மூன்றாம் பாகம் மேசைக்கால் ஒன்றின் கீழே.
உருவித் துடைத்தேன். மேசை ஆடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு கை அதன் போக்கில் போனது.
அரவேணு ரேஷன் கடையின் புகார்ப் புத்தகம் என்று எழுதினேன்
(மண்ணெண்ணெய் என்பதை அதில்
நாற்பது விதமாக எழுதியிருக்கிறார்கள்,
எதுவும் பிழையாகப் படவில்லை).
அவர் அடிக்கல் நாட்டிய குடிநீர்த் தொட்டியின்
ஒப்பந்தக் கோப்பு.
தொட்டியைத் தேடிப் போக வேண்டாம், கல் இருக்கிறது.
தபால்காரர் பெள்ளியின் பதிவேடு:
‘பெறுநர் இன்னும் கப்பலில் வந்து சேரவில்லை, திருப்பப்படுகிறது.’
கடைசியாக, மூடிப்போன எஸ்டேட்டின் மஸ்டர்.
பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியது, மூன்றே கால் கிலோ.

சிவப்புப் பேனாவோடு வந்தார் மணிவேல்.
இதெல்லாம் புஸ்தகமாம்மா?
ரேஷனை அடித்தார். தொட்டியை இரண்டு முறை அடித்தார்.
மஸ்டரை மட்டும், என்னதான் இது என்று
நின்றபடியே புரட்டினார்.

தலைவர் வந்துபோன தேதி.
பக்கம் நெடுக அரைப்பேர்.
மத்தியானமே லாரியில் ஏற்றி
டானிங்டனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் எல்லாரையும்.
பாதிக் கொழுந்து, பாதிக் கூலி.
பதினேழாவது வரியில் மாரியாயி,
ஊதா மையில் பெருவிரல்.

அவர் விரல் அங்கே நின்றது.
“மகளிர் சார்பா மாலை போட்டது அம்மாதான்.
போட்டோகூட இருக்கு வீட்ல.
இது... சொன்னதேயில்ல.”

எடுத்துட்டுப் போகலாமா என்றார்.
பார்வைக்கு மட்டும் என்றேன். விதி.
ஆடுகிற மேசையில் உட்கார்ந்தார்.
ஜன்னல் வழியே மஞ்சு உள்ளே வந்து
அலமாரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.
டியூப் லைட் போட்டுவிட்டு நகர்ந்தேன்.
போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை.

அடித்த இடங்களைச்
சொற்பொழிவுத் தொகுப்புகளால் நிரப்பிக் கொடுத்தேன்.
கண்காட்சித் தட்டியில் ஒன்பது நூல்கள்.
பத்து என்ற எண்ணுக்கு எதிரே
ஒன்றுமில்லை.
அச்சகத்தின் தவறு என்று
மேடையிலிருந்து
மணிவேலே சொன்னார்.